மேல் இடது மூலை

செப்டம்பர் 4, திங்கள்

காலை பத்தேகாலுக்கு என் மானிட்டர் செத்துப்போனது. பதினோரு வருஷமாக என் முகத்தைச் சகித்துக்கொண்டிருந்த சின்னச் சதுரப் பெட்டி. 'டப்' என்று ஒரு சத்தம், கொஞ்சம் தீய்ந்த வாசம், அவ்வளவுதான். காலண்டர் சீசன் சூடு பிடிக்கிற நேரம் பார்த்துத்தானா இதற்குச் சாவு வர வேண்டும்?

சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்றைக்கே அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பத்தை வெளியிட்டுவிடுவார்கள். அதற்குப் பிறகு எங்களுக்கு மூச்சு விட நேரமிருக்காது. என் வேலை தினசரித் தாள் கோப்பது. தேதி, திதி, நட்சத்திரம், நல்ல நேரம், ராகு காலம், சூலம் எல்லாம் வரும் அந்தச் சின்னத் தாள்தான். அடுத்த வருஷம் லீப் வருஷம், ஒரு வாடிக்கையாளருக்கு 366 தாள். என் தலையில் ஆறு வாடிக்கையாளர்கள்.

அச்சக முதலாளி தனுஷ்கோடி அண்ணாச்சி மாடியேறி வந்து பார்த்தார். "பெருசா ஒண்ணு வாங்கித் தாரேன் கனி. அப்பறம் தப்பு வந்துச்சுன்னா மானிட்டர் மேல பழியப் போடக் கூடாது," என்றார். போன வருஷத்து ஏகாதசியைத்தான் குத்திக்காட்டுகிறார். ஒரு ஏகாதசி ஒரு நாள் தள்ளி அச்சாகி, நாற்பதாயிரம் காலண்டர் லாரி ஏறித் திரும்பி வந்தது. என் கை பட்ட பக்கம் அது. இன்னொரு தடவை நடந்தால் கம்ப்யூட்டர் நாற்காலியை விட்டுவிட்டுக் கீழே பைண்டிங்கில் உட்கார வேண்டியதுதான் என்று அன்றைக்கே சொல்லிவிட்டார். பத்தொன்பது வருஷமாக நான் உட்காரும் நாற்காலி. 

இந்த டைரியும் எங்கள் அச்சகத்துக் கழிவுதான். அட்டையைக் கோணலாக ஒட்டியதால் விற்க முடியாமல் எனக்கு வந்தது. நாடா வைக்கவும் மறந்திருக்கிறார்கள். பையில் ரொம்ப நாளாகக் கிடந்த ஒரு மஞ்சள் சீட்டை மடித்து அடையாளத்துக்கு வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 6, புதன்

புது மானிட்டர் வந்துவிட்டது. மானிட்டரா அது, பலசரக்குக் கடை ஷட்டர். மாட்டிக் கொடுக்க விருதுநகரிலிருந்து பிரிட்டோ வந்தார். ஊரில் பாதி அச்சகத்துக்கு அவர்தான் கம்ப்யூட்டர் பார்க்கிறார். பத்து வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை பதில் வரும்.

நான் ஒரே சமயத்தில் திறந்துபோட்டிருக்கும் விண்டோக்களை எண்ணினார். இருபத்து மூன்று. ஒன்றின் மேல் ஒன்று, அதன் மேல் இன்னொன்று, துவைக்கப் போட்ட துணி மாதிரி கிடந்தன. "இத்தனையையும் ஒரே ரூம்ல அடச்சா எப்படிக்கா?" என்று கேட்டுக்கொண்டே இரண்டு விசையைச் சேர்த்து அமுக்கினார். இருபத்து மூன்றும் மாயமாய்ப் போய் வெறும் நீலத் திரை வந்தது. ஆறு பேருடைய ஜனவரியும் போச்சு என்று வாயில் கை வைத்தேன். அவர் மறுபடி அமுக்கினார், எல்லாம் திரும்பி வந்தன.

ஒர்க்ஸ்பேஸ் என்று பெயராம். ஒரே மானிட்டருக்குள் ஒன்பது திரை. ஒன்றில் வைத்தது மற்றதில் தெரியாது. எண்ணை அமுக்கினால் அந்த அறைக்குள் போய்விடலாம். மத்தியானம் சோறு தின்னாமல் ஒன்றிலிருந்து ஒன்பதுக்கும் ஒன்பதிலிருந்து ஒன்றுக்கும் போய்வந்துகொண்டே இருந்தேன். நாற்பத்தாறு வயதில் எனக்கு இப்படி ஒரு கிறுக்கு.

செப்டம்பர் 7, வியாழன்

மவுஸ் அம்பு ஒன்பது தடவை தொலைந்தது. சும்மா சொல்லவில்லை, தாளில் கோடு போட்டு எண்ணினேன்.

செப்டம்பர் 11, திங்கள்

பழைய பெட்டியில் ஒரு நாளும் தொலையாத அம்பு இதில் ஏன் தொலைய வேண்டும்? தொலைந்ததை எங்கே கண்டுபிடிக்கிறேன் என்றும் குறிக்க ஆரம்பித்தேன். இதுவரை நாற்பத்தொரு தடவை. அதில் முப்பத்தாறு தடவை மேலே, இடது பக்கம். மற்ற மூலைக்குப் போய் ஒளிய அதற்கு என்ன கேடு?

பிரிட்டோவுக்குப் போன் போட்டு, அம்புக்கு இடது பக்கமாக ஏதாவது இழுவை இருக்கிறதா என்று கேட்டேன். அம்பை நீங்கள்தானே அக்கா கொண்டுபோகிறீர்கள் என்றார். வைத்துவிட்டேன். ஒரு கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லத் தெரிகிறதா பார்.

செப்டம்பர் 14, வியாழன்

அறைகளைப் பிரித்தாயிற்று. ஒன்றாம் அறையில் ஜோசியர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பஞ்சாங்கக் கணிப்பு. இரண்டில் தாளுக்கு அடியில் போடும் பொன்மொழிகள். மூன்றிலிருந்து எட்டு வரை வாடிக்கையாளருக்கு ஓர் அறை. ஜவுளிக்கடை மூன்றில், நகைக்கடை நாலில், கடைசியாகப் பாத்திரக்கடை எட்டில். ஒன்பதாம் அறை கடைசிப் பார்வைக்கு. அங்கே ஒரு தாளை மட்டும் திரை முழுக்க விரிப்பேன். ஓர் அறைக்கு ஒரு விண்டோ, அதுதான் என் சட்டம். மவுஸைத் தொடுவதே இல்லை, எல்லாம் விசையில்தான். அம்பே இல்லையென்றால் அது எப்படித் தொலையும்?

என் பக்கத்து நாற்காலியில் ஜெபராணி. என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள், பிழை திருத்துபவள். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போவாள். ஆனால் ராகு காலத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் "திருநாள் சந்தடியில் வெளியில் புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா" என்று முதலெழுத்துகளை வைத்துத் திங்களில் ஆரம்பித்து வரிசையாகச் சொல்லுவாள். பஞ்சாங்கத் தாளை வைத்துக்கொண்டு அவள் வாய்விட்டு வாசிப்பாள், நான் திரையைப் பார்த்து 'சரி' சொல்லுவேன். எங்கள் தொழிலில் காலங்காலமாக இப்படித்தான். தாளின் மேல் இடது மூலையில் வரும் வட்டங்கள் மட்டும் என் பொறுப்பு. அமாவாசைக்குக் கருவட்டம், பௌர்ணமிக்கு வெண்வட்டம். படத்தை யார் வாய்விட்டு வாசிப்பார்கள்?

செப்டம்பர் 18, திங்கள்

பிள்ளையார் சதுர்த்தி, லீவு. கொழுக்கட்டை இருபத்தாறு. பூரணம் கொஞ்சம் தளர்ந்துவிட்டது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது இடது கை பட்டுத் தண்ணீர்ச் செம்பு உருண்டது. இந்த மாதத்தில் இது நாலாவது தடவை என்றார் இவர். என் வீட்டுக்காரர் சீனிராஜ் மினிபஸ் ஓட்டுகிறவர், எதையும் எண்ணிக்கொண்டே இருப்பார். செம்பை ஓரத்தில் வைத்தது யார் என்று நானும் கேட்டேன். அவர்தான் வைத்தது.

செப்டம்பர் 25, திங்கள்

இன்று நான் ராணி. ஜவுளிக்கடையின் பிப்ரவரி முடிந்தது. போன வருஷத்துக் கோப்பின் சட்டத்தையே எடுத்து எழுத்தை மட்டும் மாற்றினேன். ஒன்பதாம் அறையில் தாளைத் திரை முழுக்க விரித்து, ஜெபராணி வாசிக்க வாசிக்க இருபத்தொன்பது தாளும் நாற்பது நிமிஷத்தில் தீர்ந்தது. போன வருஷம் இதற்கு இரண்டரை மணி நேரம். சரி, சரி, சரி என்று சொல்லிக் கையெழுத்தும் போட்டாயிற்று.

பக்கத்து அச்சகத்துக்காரர் ஒருவர் வந்து என் அறைகளை வேடிக்கை பார்த்தார். எண்களை அமுக்கி அமுக்கிக் காட்டினேன். அண்ணாச்சி பின்னால் நின்றுகொண்டு, எல்லாம் தானே கண்டுபிடித்த மாதிரி தலையாட்டினார்.

செப்டம்பர் 28, வியாழன்

இந்த ஜெபராணி பூனை மாதிரி வந்து இடது பக்கத்தில் நிற்கிறாள். மூன்று முறை பதறிவிட்டேன். பத்து நிமிஷமாக அங்கேதான் நிற்கிறாளாம். புளுகுகிறாள்.

இடது தோளில் ஒரு ரூபாய் அளவுக்குக் கன்றியிருக்கிறது. கதவு நிலையில் இடித்துக்கொண்டேன். மாடி வாசல் ரொம்பக் குறுகல்.

அக்டோபர் 5, வியாழன்

இன்றைக்கு பிரிட்டோவிடம் கத்திவிட்டேன். கோப்பைச் சேமிக்க முடியவில்லை, இடம் போதவில்லை என்று கம்ப்யூட்டர் ஒரு பெட்டி போட்டுச் சொல்லியிருக்கிறது. நான் பார்க்கவில்லை. காலையில் செய்த பாத்திரக்கடை மார்ச் மாதம் மொத்தமும் போச்சு. அவரை வரவழைத்து, என்ன லட்சணத்தில் மாட்டியிருக்கிறீர்கள், அறிவிப்பே வரவில்லை என்று ஆடித் தீர்த்தேன். அவர் கம்ப்யூட்டரின் பதிவைத் திறந்து காட்டினார். பெட்டி வந்திருக்கிறது. மேல் இடது மூலையில் பதினொரு நிமிஷம் நின்றிருக்கிறது.

"கண்ணு முன்னாலதானக்கா இருந்திருக்கு," என்றார், குரலை உயர்த்தாமல்.

அதுதான் எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. அவர் அறிவிப்புகளையெல்லாம் கீழே வலது மூலைக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு டீகூடக் குடிக்காமல் கிளம்பினார். பாவம், கத்தியிருக்கக் கூடாது. நாளைக்குப் போன் பண்ணி ஏதாவது சொல்ல வேண்டும்.

அக்டோபர் 12, வியாழன்

ஒரு வாரமாக ஓர் அறிவிப்பும் தவறவில்லை. பிரிட்டோ செய்தது இடத்தை மாற்றியது மட்டும்தான். அப்படியானால் கோளாறு பெட்டியில் இல்லை, இடத்தில். வெறும் இடத்தில் என்ன கோளாறு இருக்க முடியும்? துணியை நனைத்து அந்த மூலையை நன்றாகத் துடைத்தேன்.

அக்டோபர் 23, திங்கள்

ஆயுத பூஜை. மெஷினுக்கெல்லாம் மாலை, பொரி, சுண்டல். மாடியில் கம்ப்யூட்டர்களுக்கு நான்தான் சந்தனம் வைத்தேன். என் ஷட்டர் மானிட்டருக்கு நாலு மூலைக்கும் நாலு பொட்டு, அதன் மேல் குங்குமம். என் கையால் வைத்தது, நாலு.

கீழே தேங்காய் உடைக்கிறவரை சும்மா நாற்காலியில் உட்கார்ந்து திரையின் நடுவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று பொட்டுதான் தெரிந்தது. விழுந்துவிட்டதோ என்று மேலே இடது பக்கம் பார்த்தேன். இருந்தது. மறுபடி நடுவைப் பார்த்தேன். இல்லை. கறுப்பாகவோ மங்கலாகவோ ஒன்றும் இல்லை. மானிட்டரின் சட்டம் பாட்டுக்கு ஓடுகிறது, பொட்டு மட்டும் இல்லை. பார்த்தால் இருக்கிறது, பார்க்காவிட்டால் இல்லை. இருபது தடவை செய்து பார்த்தேன்.

பொரி வாங்க மறந்துவிட்டேன்.

அக்டோபர் 25, புதன்

முதலில் இது எல்லோருக்கும் இப்படித்தானா என்று தெரிய வேண்டும். ஜெபராணியை என் நாற்காலியில் உட்கார வைத்து, நடுவில் ஒரு புள்ளியைப் பார்க்கச் சொல்லி, எத்தனை பொட்டு என்றேன். நாலு என்றாள். கண்ணை ஓட்டாமல் சொல்லு என்றேன். ஓட்டவில்லை, நாலு என்றாள். உனக்கு எத்தனை என்று திருப்பிக் கேட்டாள். காபி ஆறுகிறது என்றேன்.

மத்தியானம் ஒன்பதாம் அறையைக் காலி செய்தேன். சின்னச் சின்னதாக இருபத்தைந்து விண்டோவைத் திறந்து, வரிசைக்கு ஐந்தாக அடுக்கினேன். ஒவ்வொன்றிலும் ஒரு எண். வேண்டியதைக் காட்டவும் மறைக்கவும் ஒரு விசை. ஜெபராணியிடம் உண்மையைச் சொல்லாமல் முடியவில்லை, சொன்னேன். அவள் ஏதோ ஒரு எண்ணைக் காட்டுவாள், நான் நடுவிலிருக்கும் பதின்மூன்றையே பார்த்துக்கொண்டு, தெரிந்தால் மேசையைத் தட்டுவேன். ஒரு கண்ணை மூடி, மறு கண்ணை மூடி, இரண்டையும் திறந்து. வரைபடத் தாளில் தெரிந்த கட்டத்தை வெள்ளையாக விட்டு, தெரியாததைப் பென்சிலால் தீட்டினாள்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு நன்றாகப் பொழுது போனது. இத்தனை நாள் மண்டையைக் குடைந்த கணக்கு விடுபடுகிற மாதிரி இருந்தது. கடைசியில்தான் அவள் தாளைத் திருப்பிக் காட்டினாள். இரண்டு கண்ணும் திறந்திருக்கையில் ஒன்று, இரண்டு, ஆறு, ஏழு நான்கும் கறுப்பு. மேல் இடது மூலை. இடது கண்ணை மட்டும் திறந்தால் ஒன்பது கட்டம் கறுப்பு.

"அக்கா, இது மானிட்டர் இல்லக்கா," என்றாள் ஜெபராணி.

தெரியும் என்றேன்.

அக்டோபர் 26, வியாழன்

மஞ்சள் சீட்டு. எழுதிவிடுகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கல்யாண மண்டபத்தில் கண் முகாம் போட்டார்கள். கண்ணாடி பவர் பார்க்கத்தான் போனேன். ஒரு கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, கண்ணில் அழுத்தம் கூடுதல், ஒரு மாதத்துக்குள் மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு வந்து காட்டுங்கள் என்று இந்தச் சீட்டை எழுதிக் கொடுத்தார்கள். வலி இல்லை, எழுத்து பளிச்சென்று தெரிகிறது, எதற்குப் போக வேண்டும்? அது சீசன் வேறு. சீட்டைக் கிழித்தும் போடவில்லை, யாரிடமும் காட்டவும் இல்லை. இரண்டு வருஷமாகப் பையிலும் டைரியிலும் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

எங்கள் அப்பா கடைசி ஐந்து வருஷம் சுவரைத் தடவிக்கொண்டுதான் நடந்தார். வயதானால் அப்படித்தான் என்று நாங்கள் எல்லோரும் சொன்னோம். எனக்குப் பயமாக இருக்கிறது. பயமாக இருந்ததால்தான் போகவில்லை.

அக்டோபர் 28, சனி

மதுரை. இவர் லீவு போட்டுவிட்டு வந்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். நடுவில் ஒரு புள்ளி. சுற்றிலும் எங்காவது வெளிச்சப் பொட்டு தோன்றினால் கையிலிருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதைத்தானே புதன்கிழமை நான் செய்தேன்!

டாக்டர் அம்மா முடிவுத் தாளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பையிலிருந்து என் வரைபடத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எங்கே எடுத்தது என்று கேட்டார். நானே, ஆபீசில், கம்ப்யூட்டரில் என்றேன். கறுப்பு இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் இருந்தது. ஒரு நிமிஷம் பெருமையாகக்கூட இருந்தது.

"கண்ணழுத்த நோய்தாம்மா. போனதத் திருப்ப முடியாது. இருக்கிறதக் காப்பாத்தலாம். சொட்டு மருந்து ஒரு நாள்கூட விடக் கூடாது," என்றார். இல்லாத இடத்தைக் கறுப்பாகக் காட்டாமல் மூளையே இட்டு நிரப்பிவிடுமாம், அதனால்தான் யாருக்கும் தெரிவதில்லை என்றார். பரம்பரையாக வருமாம், கூடப் பிறந்தவர்களையும் காட்டச் சொன்னார். தம்பிக்குப் போன் பண்ண வேண்டும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் டாக்டர் சொன்னது மறுபடி ஓடியது. மூளை இட்டு நிரப்பிவிடும். திருமங்கலம் தாண்டும்போதுதான் உறைத்தது. ஒன்பதாம் அறையில் தாளைத் திரை முழுக்க விரித்துத்தானே சரி, சரி என்றேன்? தாளின் மேல் இடது மூலையில் என்ன இருக்கிறது? வட்டம். பிப்ரவரிக்கு எதை எடுத்தேன்? போன வருஷத்துச் சட்டத்தை.

அக்டோபர் 29, ஞாயிறு

அரசு விடுமுறைப் பட்டியல் இன்னும் வரவில்லை. எந்தத் தேதி சிவப்பு என்று தெரியாமல் மற்ற மாதங்களை அச்சேற்ற முடியாது. பிப்ரவரியில் எப்படியும் விடுமுறை வராது என்று ஜவுளிக்கடையின் பிப்ரவரியை முதலில் ஓட்டப் போகிறார்கள். நாளை பதினொரு மணிக்கு மெஷின். ஒரு லட்சத்து இருபதாயிரம்.

எட்டு மணிக்கே போய்ப் பார்த்து, தப்பிருந்தால் சத்தமில்லாமல் திருத்திப் புது அச்சுப் பிளேட் போடச் சொல்லிவிடலாம். ஒருத்தருக்கும் தெரிய வேண்டாம்.

துவரம்பருப்பு தீர்ந்துவிட்டது. கரண்ட் பில் கட்டியாயிற்று. ராத்திரிச் சொட்டு இரண்டு கண்ணிலும் போட்டேன். கசக்கிறது, தொண்டை வரைக்கும் கசப்பு.

அக்டோபர் 30, திங்கள்

எட்டு மணிக்குப் போனேன். ஜவுளிக்கடை பிப்ரவரியைத் திறந்து, தாளைச் சின்னதாக்கி, திரையின் வலது கீழ் மூலையில் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒன்பதாம் தேதி, வெள்ளி, தை அமாவாசை. மூலை மொட்டையாக இருந்தது. கருவட்டம் போன வருஷம் இருந்த இருபதாம் தேதியிலேயே உட்கார்ந்திருந்தது. எழுத்தில் எல்லாம் சரிதான், ஜெபராணி வாசித்ததாயிற்றே. ஆனால் எழுத்தை யார் படிக்கிறார்கள்? வட்டத்தைப் பார்த்துத்தானே ஊரே விரதம் இருக்கிறது. அப்பன் ஆத்தாளுக்குச் சோறு வைக்கிற நாளை நான் ஒரு லட்சத்து இருபதாயிரம் வீட்டில் அழித்திருப்பேன்.

திருத்தினேன். ஐந்து நிமிஷ வேலை. அதோடு எழுந்து போயிருக்கலாம். ஆனால் மற்ற மாதங்கள்? மற்ற ஐந்து பேர்? எல்லாம் இதே கண்ணால் 'சரி' சொன்னவை. நான் சரிபார்த்தேன் என்றால் அதை யார் சரிபார்ப்பது? ஒண்டியாக முடியாது. எத்தனை அறை இருந்து என்ன, ஒன்பதிலும் ஒரே கண்தானே.

ஒன்பதரைக்கு அண்ணாச்சி வந்தார். பிளேட்டை நிறுத்துங்கள் என்றேன். ஏன் என்றார். வட்டத்தைச் சொன்னேன். பிறகு மஞ்சள் சீட்டையும் மதுரைத் தாளையும் என் வரைபடத்தையும் மேசையில் வைத்தேன்.

"எனக்கு இந்த மூலை தெரியல அண்ணாச்சி. ரெண்டு வருஷமா இருந்திருக்கும். போன வருஷ ஏகாதசியும் இதாக்கூட இருந்திருக்கலாம். நாக்காலிய விட்டு எந்திரிக்கச் சொன்னா எந்திரிக்கிறேன். ஆனா எல்லாத் தாளையும் வேற ஆள் ஒருக்காப் பாக்கணும்."

கத்துவார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். கீழே போன் பண்ணி மெஷினை நிறுத்தச் சொன்னார். ஜெபராணியை என் நாற்காலியில் உட்காரச் சொன்னார். பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து நான் பஞ்சாங்கம் வாசித்தேன். வட்டத்தையும் சேர்த்து வாசித்தேன்: "மேல் இடது மூலை, கருவட்டம்."

நவம்பர் 2, வியாழன்

மூன்று நாளில் எல்லா அறையும் முடிந்தது. வட்டம் தவறியது இன்னும் நாலு தாளில். எல்லாம் பழைய சட்டத்திலிருந்து வந்தவை. மெஷினில் ஏற்றும் முன்பே பிடித்தாயிற்று. நான் இன்னும் ஸ்டூலில்தான்.

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் அண்ணாச்சி மாடிக்கு வந்தார். அந்த இருபத்தைந்து கட்டத்தை எனக்குப் போட்டுக் காட்டு என்றார். நாற்காலியில் உட்கார்ந்து பதின்மூன்றைப் பார்த்தார். நான் எண்களை ஒவ்வொன்றாகக் காட்டினேன். தட்டினார். தட்டினார். பத்தைக் காட்டினேன், கை அசையவில்லை. பதினைந்துக்கும் இல்லை. மறுபடி பத்து. இல்லை. வலது ஓரம் முழுக்க நான் காட்டிக்கொண்டே இருக்கிறேன், அவர் அடுத்தது வரும் என்று காத்துக்கொண்டே இருக்கிறார். இந்த மனிதர் தினமும் பைபாஸ் ரோட்டில் ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு வருகிறவர்.

முடிந்தது என்று சொல்லி, பென்சிலால் தீட்டிய தாளை அவர் கையில் கொடுத்தேன். தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"கனி, இந்த மானிட்டர்ல ஏதோ கோளாறு," என்றார்.

எனக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. நானும் துணியை நனைத்துத் துடைத்தவள்தானே. சனிக்கிழமை காலை ஆறரைக்கு மதுரை பஸ், நானும் வருகிறேன் அண்ணாச்சி என்றேன். அவர் எழுந்து, நாற்காலியை என் பக்கம் தள்ளி வைத்துவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார். அந்தக் கைப்பிடியை அவர் எப்போதும் பிடித்துத்தான் இறங்குவார். இத்தனை வருஷமாக நான் அதைக் கவனித்ததில்லை.

நவம்பர் 9, வியாழன்

பிரிட்டோ வந்து ஒன்பது அறையையும் மாற்றி அமைத்தார். இனித் தாள் எப்போதும் வலது பக்கத்துக் கீழே திறக்கும். இரவு எட்டு மணிக்குச் சொட்டு மருந்து நினைவூட்டல், என் போனிலும் அண்ணாச்சி போனிலும். மன்னிப்புக் கேட்டேன். ஒரு வார்த்தைதான் சொன்னார்: "டீ."

பிப்ரவரி 9, வெள்ளி

பழைய டைரி தீர்ந்துவிட்டது. பின்னால் முகவரி எழுதும் பக்கத்தில் எழுதுகிறேன். இதற்குப் பிறகு இடமில்லை.

எங்கள் வீட்டில் ஜவுளிக்கடைக் காலண்டர்தான் தொங்குகிறது. காலையில் குளித்துவிட்டு வந்து நேற்றைய தாளைக் கிழித்தேன். பெரிய ஒன்பது தெரிந்தது. மூலை மொட்டை. அப்படியே நின்று தலையை இடது பக்கம் கொஞ்சம் திருப்பினேன். கருவட்டம் இருந்தது.

வாழைக்காய்ப் பொரியல், பாசிப்பருப்புக் குழம்பு, வடை, அப்பாவுக்குப் பிடித்த பூசணிக்காய்க் கூட்டு. சோற்றைப் பிசைந்து மொட்டைமாடிச் சுவரில் வைத்துவிட்டு, அப்பா, தெரியாமல் போச்சே, நாங்கள் யாருமே பார்க்கவில்லையே என்று வாய்விட்டே சொன்னேன். இவர் பக்கத்தில்தான் நின்றார். கா கா என்று கூப்பிட்டோம். காகம் எந்தப் பக்கமாக வந்தது என்று நான் பார்க்கவில்லை. சோற்றுக்குத் தலையைத் திருப்பியபோது வந்து தின்றுகொண்டிருந்தது.